பை சுமப்பவரும் பந்தாடுபவரும்

கொழும்பு மருதானையிலிருந்து அவிசாவளை நோக்கிச் செல்லும் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதத்தில் பயணஞ் செய்த நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நாரஹேன்பிட்டியை அடையுமுன், நகரத்து நெரிசலின் நடுவே, கண்ணுக்குக் குளிர்ச்சியான புற்றரையொன்றை ஊடறுத்துக்கொண்டு வண்டி செல்கின்றது. ஆங்கே ஒருவர் கையிலே நீண்ட கோலொன்றுடன் நிற்கின்றார். அவரருகே மற்றொருவர், தோளிலே கனத்த பையொன்றைச் சுமந்தவராய் நிற்கின்றார். வண்டி கடந்து செல்லுமட்டும் இருவரும் காத்திருக்கின்றனர். அம்மைதானம் றோயல் கொழும்பு கோல்ப் கழகத்துக்குரியது. கோல் பிடித்தவர் ஆட்டக்காரர் என்பது எவர்க்கும் விளங்கும். பை சுமந்து நிற்பவர் யார்? அவருக்கு அங்கே என்ன வேலை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

சப்ரகமுவ மாகாணத்தவராகிய நமக்கு அந்த மைதானத்தோடு ஒரு தொடர்பு உண்டு. காலிமுகத்திடலிலே ஆடிவந்த கொழும்புக் கழகத்தார் 1896ஆம் ஆண்டில் இப்போதுள்ள இடத்துக்கு வந்து சேர்ந்தனர். அதன் பின்னரே புகையிரதப் பாதை அவ்வழியாக அமைந்தது. 1902இல் அவிசாவளைக்கும், 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும் வண்டி ஓடத் தொடங்கிற்று. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் றப்பரும் தேயிலையும் துறைமுகத்தை நாடிச் சென்றது அப்புற்றரையின் வழியாகவே. இரத்தினபுரி வரையிலான பகுதி எழுபதுகளில் மூடப்பட்டுவிட்டது. அவிசாவளை வரை வண்டி இன்றும் ஓடுகின்றது. ஒரு காலத்திலே துரைமார் விளையாடினர், அவர்தம் தோட்டத்துச் சரக்கு பக்கத்திலே உருண்டோடிற்று என்று சொல்லலாம். நம்மிற் பெரும்பாலோர் இவ்விளையாட்டை வண்டியின் சாளரத்தின் வழியாக அன்றி வேறெவ்வாறும் கண்டதில்லை.

ஆதலின் முதலில் ஆட்டத்தின் வகையைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். முழுமையான மைதானமொன்றிலே பதினெட்டுக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியே தொடக்க மேடை ஒன்றும், இடையிலே நீண்ட புல்வெளியும், இறுதியிலே கம்பளம்போல் ஒட்ட வெட்டிய பசும்புற்பரப்பும் அமைந்திருக்கும். அப்பரப்பிலே நாட்டிய கொடியின் அடியில் இருக்கின்றது குழி. அதன் வாய் 108 மில்லிமீற்றர் அகலமுடையது; 46 கிராமுக்கும் சற்றுக் குறைந்த எடையுள்ள சிறு பந்தொன்றை அதனுள் வீழ்த்த வேண்டும். எவர் குறைந்த அடிகளில் வீழ்த்துகின்றாரோ அவரே வென்றவர். இடையிலே மணற்குழிகளும், நீர்நிலைகளும், பற்றைகளும் பந்தை விழுங்கக் காத்திருக்கும். பதினெட்டுக் குழிகளையும் நடந்து முடிக்க நான்கு மணித்தியாலம் செல்லும். நாலைந்து மைல் நடை அது.

அடிப்பதற்குக் கோல்கள் பல. தூரத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, குழியருகே மெல்ல உருட்டுவதற்கு ஒன்று என வகை பிரித்துள்ளனர். எனினும் ஓர் ஆட்டத்துக்குப் பதினான்கு கோல்களுக்கு மேல் வைத்திருத்தல் விதிக்கு மாறாகும். இவற்றைச் சுமந்து உடன் வருபவரே கெடி எனப்படுபவர்.

இச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதனைச் சற்று நீட்டிக் கேடி என்று உச்சரித்தால், நம் வழக்கிலே அது பொலிசாரின் ஏட்டிலே பெயர் பதிந்த போக்கிரியைக் குறிக்கும். ஒரு நல்ல மனிதருக்கு அவ்வாறு பெயர் சூட்டுதல் ஆகாது. ஆதலால் நான் கெடி என்றே கூறுகின்றேன். வீட்டின் இளைய மகனைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லொன்று ஸ்கொத்லாந்துக்குச் சென்று, ஏவிய வேலையைச் செய்பவன் என்னும் பொருளைப் பெற்று, பின்னர்க் கோல்ப் மைதானத்திலே நிலைகொண்டது. இன்னொரு விந்தையும் உண்டு. தேயிலையை இட்டு வைக்கும் சிறு பெட்டிக்கும் ஆங்கிலத்திலே இதே ஒலியுடைய பெயர்தான். ஆயினும் அது காத்தி என்னும் மலாய் நிறையளவையிலிருந்து வந்தது. இரண்டும் வேறு வேறு வேரில் முளைத்தவை. ஒன்று தேயிலையைத் தாங்குவது. மற்றொன்று பையைத் தாங்குபவர். ஓசையினால் இரண்டும் ஒன்றாயினமையாற் போலும், இரண்டையும் சுமைதாங்கி என்றே உலகம் எண்ணிவிட்டது.

ஆனால் சுமத்தல் அவருடைய பணியின் ஒரு பகுதியே. பந்து பறந்து செல்லும்பொழுது அது விழும் இடத்தைக் கண்ணாற் குறித்துக்கொள்பவர் அவர். அங்கிருந்து குழிக்கு எத்தனை கஜம் என்று கணிப்பவர் அவர். காற்றின் திசையையும் வலிமையையும் மரக்கொப்புகளின் அசைவினாற் கண்டு, இன்ன கோல் பொருந்தும் என எடுத்து நீட்டுபவரும் அவரே. பசும்புற்பரப்பிலே நிலத்தின் சாய்வையும், புல் எத்திசை நோக்கி வளர்ந்து படிந்திருக்கின்றது என்பதையும் படித்துச் சொல்வார். மணலிலே பதிந்த அடிச்சுவட்டை வாரியால் வாரிச் சமப்படுத்துவார். பெயர்ந்த புற்கரணையை மீண்டும் பொருத்துவார். ஆட்டக்காரர் கோலை ஓங்கும் வேளையிலே தமது நிழல் பந்தின் வழியில் விழாதவாறு விலகி, மூச்சுச் சத்தமும் கேளாமல் நிற்பார். பேச வேண்டிய நேரத்தையும் வாய் மூடி நிற்க வேண்டிய நேரத்தையும் பிரித்தறிவது இத்தொழிலிலே பாதி என்பர் அனுபவமுள்ளோர்.

இனி, இவ்விளையாட்டின் விதிகளைப் பார்ப்போம். போட்டியிலே ஆடுபவர், தமது கெடியிடமும், தம்முடன் கூட்டாக ஆடும் துணையாட்டக்காரர் இருந்தால் அவரிடமும் அவர் கெடியிடமும் மட்டுமே ஆலோசனை கேட்கலாம். எதிராளியிடம், "நீர் எந்தக் கோலால் அடித்தீர்?" என்று வினவினாலும் தண்டம் உண்டு. தனித்து ஆடுபவருக்கோ, பார்த்திருக்கும் பல்லாயிரவரிடையே வாய் திறந்து வழி கேட்கத் தக்கவர் அந்தப் பை சுமப்பவர் ஒருவரே. மேலும், கெடி விதியை மீறினால் அதற்குரிய தண்டம் ஆட்டக்காரரையே சாரும். 2019ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட விதிகள், பசும்புற்பரப்பிலே ஆட்டக்காரரின் தனி அனுமதியின்றியே பந்தை எடுக்கும் உரிமையைக் கெடிக்கு அளித்தன. ஆனால், ஆட்டக்காரர் அடிப்பதற்கு நிலைகொள்ளும்போது அவர் பின்னே நேர்கோட்டில் நின்று குறி பார்த்துச் சொல்லுதலை அதே விதிகள் தடுத்தன. வழி காட்டலாம், ஆனால் குறி பார்க்கும் பொறுப்பு ஆடுபவருடையது. ஆசிரியத் தொழிலில் இருப்பவனாகிய எனக்கு இவ்விதி மிகவும் பொருத்தமாகவே படுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்ட உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பரொருவர் என்னை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்று, இவ்விளையாட்டின் அரிச்சுவடியைக் கற்பித்தார். அங்குள்ள கழகம் 1889ஆம் ஆண்டிலே தோன்றியது. கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கு அதிகமான உயரத்திலே, நகரத்தின் நடுவில் அம்மைதானம் விரிந்து கிடக்கின்றது. எங்களுக்கு வாய்த்த கெடி ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். அயலிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர்.

மேட்டின்மேல் அமைந்த குழியொன்றை நோக்கி அடிக்க வேண்டியிருந்தது. எந்தக் கோல் பொருந்தும் என அவரிடம் கேட்டேன். அவர் சற்று அண்ணாந்து மரங்களை நோக்கினார். "பார்வைக்கு நூத்திப்பத்துக் கெஜம் ஐயா. ஆனா மேட்டுக்கு அடிக்கிறோம், காத்தும் எதிர்க்காத்து. நூத்தி முப்பதுன்னு நெனச்சு அடிங்க" என்று கூறி ஒரு கோலை உருவித் தந்தார். தூரத்தோடு ஏற்றத்தையும், ஏற்றத்தோடு காற்றையும் கூட்டி விடை காண அவருக்குத் தாளும் பென்சிலும் வேண்டியிருக்கவில்லை. பந்து அவர் சொன்ன இடத்திலேயே போய் இறங்கிற்று.

பசும்புற்பரப்பை அடைந்தோம். குழிக்கும் பந்துக்கும் இடையே நாலு பாகத் தூரமிருக்கலாம். நிலம் இடப்புறம் சாய்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. அவர் குந்தியிருந்து புல்லைப் பார்த்தார்; மெல்லச் சிரித்தார். "கண்ணு இடதுன்னு சொல்லும் ஐயா. புல்லு வலதுன்னு சொல்லுது. நீங்க புல்லைக் கேளுங்க" என்றார். அவ்வாறே ஆடினேன். பந்து மெல்ல வலப்புறம் வளைந்து குழியின் விளிம்பிலே ஒரு கணம் தயங்கி உள்ளே விழுந்தது. என் நண்பர் என் முதுகிலே தட்டினார். கெடியோ ஒன்றும் பேசாமல் கொடியை மீண்டும் நாட்டிவிட்டு, அடுத்த மேடையை நோக்கி நடந்தார். இந்த வித்தையை எங்கே படித்தீர்கள் என நான் கேட்டபோது, "படிச்சதில்லீங்க ஐயா, நடந்தது" என்று விடை கூறினார். நாற்பது ஆண்டுகள் அம்மண்ணிலே நடந்தவர் அவர்.

நமது பாரதக் கதையிலே இதற்கு ஒப்புமை தேடினால் கிடைக்கும். பார்த்தனுடைய தேரிலே கண்ணன் வில்லெடுக்கவில்லை. குதிரைகளின் கடிவாளத்தையே பிடித்தான். எனினும் அத்தேரின் வெற்றியிலே சாரதியின் பங்கு எவ்வளவு என்பதை நாம் அறிவோம். மறுபுறத்திலே கன்னனுக்கு வாய்த்த சாரதியாகிய சல்லியன், போர்க்களத்தின் நடுவிலே தன் தலைவனை இகழ்ந்து பேசி அவன் ஊக்கத்தைக் குலைத்தான். ஆற்றலிலே குறைவில்லாத வீரனும் துணைவன் சரியில்லையேல் தளர்வான் என்பதை அக்கதை காட்டுகின்றது. நல்ல கெடி, தவறிய அடியைப் பற்றிப் பேசாமல் அடுத்த அடியைப் பற்றிப் பேசுவார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கண்ணனை உலகம் சாரதி என்ற பெயராலேயே போற்றுகின்றது. பை சுமந்தவரின் பெயரை வெற்றிக் கேடயத்திலே எவரும் பொறிப்பதில்லை.

எனினும் சில பெயர்கள் மறைக்க முடியாதபடி வெளிப்பட்டன. 1913ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொஸ்டன் நகரையடுத்த புறூக்லைன் மைதானத்தில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி நடைபெற்றது. அம்மைதானத்தின் எதிர்ப்புறத்திலே குடியிருந்து, அங்கேயே முன்னர்க் கெடியாகப் பணி செய்த பிரான்சிஸ் விமெற் என்னும் இருபது வயது இளைஞர், இங்கிலாந்தின் பெருவீரர்களாகிய ஹரி வார்டன், ரெட் ரே ஆகிய இருவரோடும் சமநிலை எய்தினார். மறுநாள் முடிவாட்டம். அவருக்குக் கெடியாக வந்தவன் எடி லோவரி என்னும் பத்து வயதுச் சிறுவன். அனுபவமுள்ள ஒருவரிடம் பையைக் கொடுத்துவிடுமாறு சிலர் வற்புறுத்தியும் சிறுவன் இணங்கவில்லை; விமெற்றும் அவனைக் கைவிடவில்லை. விமெற் 72 அடிகளிலும், வார்டன் 77 அடிகளிலும், ரே 78 அடிகளிலும் ஆட்டத்தை முடித்தனர். உலகமே வியந்தது. அச்சிறுவன் பாடசாலைக்குப் போகாமல் ஒளித்து வந்தவன் என்பதையும் சேர்த்தே வரலாறு கூறுகின்றது. ஓர் அதிபருக்கு அக்கதையைச் சொல்லிக் களிப்பதா, கவலைப்படுவதா என்னும் தயக்கம் ஏற்படுவது இயல்பே.

தென்னாபிரிக்காவிலே டர்பன் நகரத்தில், இந்திய வம்சாவழியினரான பப்வா சூகோலம் கெடியாக வளர்ந்தார். அவர் எவரிடமும் முறையாகப் பயிலாமையால், பிறர் வலக்கையை வைக்கும் இடத்தில் இடக்கையை வைத்துக் கோலைப் பிடித்தவர். அப்பிடியோடே 1959ஆம் ஆண்டில் ஒல்லாந்துப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1963ஆம் ஆண்டிலே தம் சொந்த ஊரில் நேற்றால் பகிரங்கப் போட்டியையும் வென்றார். அன்று மழை பெய்தது. வெள்ளையர்க்குரிய கழக மண்டபத்தினுள் அவர் நுழையக் கூடாதென நிறவெறி ஆட்சி தடுத்தமையால், வெற்றிக் கிண்ணத்தை வெளியிலே மழையில் நின்றே பெற்றுக்கொண்டார். மைதானத்தின் ஒவ்வொரு புல்லையும் அறிந்தவருக்கு மண்டபத்தின் வாயில் மூடியிருந்தது. அக்காட்சியின் படம் உலகெங்கும் பரவி, பலருடைய மனச்சாட்சியைத் தொட்டது.

இந்தியாவிலே டெல்லி மைதானத்திற் கெடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியப் பகிரங்கப் போட்டியை வென்றார். பெங்களூரிலே கெடியாக இருந்த சின்னசுவாமி முனியப்பா 2009இல் அதே போட்டியை வென்றார். நமது நாட்டிலும் கெடியாகத் தொடங்கிய நந்தசேன பெரேரா முன்னணி வீரராக உயர்ந்தார். அவருடைய மகன் மிதுன் பெரேரா ஆசியச் சுற்றிலே ஆடினார். தமிழ் வீரராகிய தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றிலே வெற்றி கண்டவர். பையின் கீழே குனிந்த தோள் என்றும் குனிந்தே இருக்க வேண்டும் என்னும் விதி எங்கும் எழுதப்படவில்லை.

நேயர்களே, வென்றவர் சிலர், சுமந்தவர் பலர். அப்பலரின் நிலை என்ன? பெரும்பாலான கெடிமாரின் வருவாய் அன்றன்று வரும் ஆட்டக்காரரை நம்பியது. மழை பெய்தால் ஆட்டமில்லை, ஆட்டமில்லையேல் கூலியில்லை. சப்ரகமுவையின் றப்பர்த் தோட்டங்களிலே வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுபோவதையும், அன்றைய அடுப்பின் நிலையையும் அவர்கள் நன்கு அறிவர்.

இன்னுமோர் ஒற்றுமையும் உண்டு. பால் வெட்டுபவரின் கையிலுள்ள கத்தி பட்டையிலே சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். சற்று மேலோடினால் பால் குறையும். அந்த இடைவெளி ஒரு தாளின் தடிப்பளவே. அதனைக் கண்ணாலன்றிக் கையாலேயே அறிகின்றார் பால் வெட்டுபவர். இது அறிவன்றோ? ஆயினும் சம்பளப் பட்டியலிலே அதற்குப் பெயர் கூலி. கெடியின் கணிதத்துக்கும் பெயர் சுமை. தோளையும் கையையும் பயன்படுத்தும் அறிவை அறிவென்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. இக்குறை கோல்ப் மைதானத்துக்கு மட்டும் உரியதன்று.

இக்குறையைக் களைய முயன்ற ஒருவரைப் பற்றிச் சொல்லி அமைகின்றேன். சிக் எவன்ஸ் என்பவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்திலே கெடியாக இருந்து, 1916ஆம் ஆண்டில் அந்நாட்டின் பகிரங்கப் போட்டியையும் தொழில்முறையல்லாதோர் போட்டியையும் ஒருங்கே வென்றவர். பல்கலைக்கழகத்திலே சேர்ந்தும் படிப்பை முடிக்க இயலாதவர். விளையாட்டினால் வந்த பணத்தைத் தாம் வைத்துக்கொண்டால் தொழில்முறையல்லாதவர் என்னும் தகுதியை இழக்க நேரும். அப்பணத்தைக் கெடிச் சிறுவரின் கல்விக்கு வழங்குமாறு அவர் அன்னையார் எண்ணங் கூறினார். 1930ஆம் ஆண்டிலே இருவர் அந்நிதியினாற் பல்கலைக்கழகம் புகுந்தனர். அன்று தொட்டு இன்றுவரை பதினாயிரத்துக்கு மேற்பட்ட கெடிமார் அந்த உதவியாற் பட்டம் பெற்றுள்ளனர். விமெற்றின் பெயராலும் அத்தகைய நிதியொன்று 1949ஆம் ஆண்டிலே தோன்றிற்று.

நமது நாட்டிலே இலவசக் கல்வி 1945இல் வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளிலேதான். இடையிலே ஒரு தலைமுறை ஐந்தாம் வகுப்போடு நின்றது. நான் கண்ட கெடியும் அவ்விடைவெளியின் விளைவையே சுமந்தவர். இன்று பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். பிள்ளையின் தோளிலே முதலில் ஏற வேண்டியது புத்தகப் பை. ஏனைய பைகள் பின்னர் ஏறலாம். இதனைப் பெற்றோர் உறுதியாகப் பற்ற வேண்டும்.

அதே வேளையில், ஆசிரியர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். பால் வெட்டும் தாயையும், கொழுந்து நிறுக்கும் தகப்பனையும், பை சுமக்கும் பாட்டனையும் வகுப்பறைக்கு அழைத்து, அவர்கள் அறிந்ததைப் பிள்ளைகள் முன்னிலையிலே சொல்லச் செய்யலாம். ஏற்றத்துக்கும் காற்றுக்கும் எத்தனை கஜம் கூட்ட வேண்டும் என்பதை ஒரு முதியவர் சொல்ல, அதனைப் பிள்ளையொன்று கரும்பலகையிலே கணக்காக எழுதுமானால், அன்று அவ்விருவரும் கற்பர். தன் வீட்டிலே அறிவு இருந்தது என்பதை அறிந்த பிள்ளை, பாடசாலைக்கு வேற்றாளாக வராது.